அடைக்கலப் பொருள்

வீட்டு வாசலில் வந்து நிற்பவரை உள்ளே அழைத்து, அமரச் செய்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்த பின்னரே எந்த ஊர், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று வினவுவது நம் முன்னோர் வழக்கம். வந்தவர் சொன்னது போதும். சொல்லாததைத் துருவிக் கேட்பது பண்பன்று என்று அவர்கள் கருதினர். இன்று நாம் விருந்தினராகச் செல்லும் இடங்களுள் ஒன்று இணையதளம். மருந்தின் விலை அறிய, தொடர்வண்டியில் இடம் பதிவு செய்ய, பிள்ளையின் தேர்வு முடிவைக் காண என்று நாள்தோறும் பல வாசல்களில் நுழைகிறோம். அங்கே முறை தலைகீழாக இருக்கிறது. நாம் ஒரு சொல்லும் எழுதுமுன்னரே நம்மைப் பற்றிய குறிப்பு எழுதப்பட்டுவிடுகிறது. இது வெறும் தொழில்நுட்பச் செய்தியா, அன்றி மனச்சான்றைத் தொடும் வினாவா?

முதலில் நிகழ்வதை அறிந்துகொள்வோம். ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது நம் கருவிக்குரிய ஐ.பி. முகவரி அத்தளத்தின் கணினிக்குச் சென்றாக வேண்டும். இல்லையேல் நாம் கேட்ட பக்கத்தை எங்கே அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. அம்முகவரியோடு நாள், மணி, திறந்த பக்கம், உலாவியின் வகை ஆகியனவும் பெரும்பாலும் பதிவாகின்றன. இவை கடித உறையின் மேல் எழுதும் விவரங்களைப் போன்றவை. அடுத்தது ‘குக்கி’. 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி என்னும் பொறியாளர் இதனை உருவாக்கினார். இணையதளத்திற்கு இயல்பிலேயே நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் நாம் அதற்குப் புதியவரே. ஆகவே அது ஓர் எண்ணை நம் உலாவியில் விட்டுவைக்கிறது. மறுமுறை செல்லும்போது உலாவி அவ்வெண்ணைக் காட்டுகிறது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் கொடுக்கும் டோக்கன் போன்றதே இது. இதில் குற்றம் காண ஒன்றுமில்லை.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு பல்லாயிரம் தளங்களின் பக்கங்களில் பொருத்தப்பட்டிருக்கும். அந்த நிறுவனமும் தன் எண்ணை நம் உலாவியில் இடுகிறது. நாம் பத்துக் கடைகளுக்குச் செல்கிறோம். பத்துக் கடை வாசலிலும் ஒரே ஆள் குறிப்பேட்டுடன் நிற்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் நம்மைப் பின்தொடரவில்லை. ஆயினும் அந்த ஆளுக்கு நம் நாள் முழுவதும் தெரியும். காலையில் தேடிய நோயின் பெயர், நண்பகலில் பார்த்த வேலை அறிவிப்பு, நள்ளிரவில் வாசித்த கடன் விளம்பரம் ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் சேர்கின்றன. சில உலாவிகள் இன்று இதைத் தடுக்கின்றன. எனினும் வேறு வழிகளிலும் இவ்வேடு நிரம்பிக்கொண்டுதான் இருக்கிறது.

“நீங்கள்தாமே ஒப்புதல் அளித்தீர்கள்” என்பது இதற்குக் கிடைக்கும் முதல் மறுமொழி. உண்மைதான், ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை நாம் அழுத்தினோம். ஆனால் அழுத்தியது விரலா, மனமா? ஒரு செயல் உண்மையில் மனிதச் செயலாக வேண்டுமானால் அது அறிவிலிருந்தும் விருப்புரிமையிலிருந்தும் பிறக்க வேண்டும் என்று தூய தாமஸ் அக்குவினாசின் வழிவந்த அறநெறி இறையியல் கற்பிக்கிறது. தூக்கத்தில் கையெழுத்திட்டவனை எந்த நீதிமன்றமும் கட்டுப்படுத்தாது. பக்கம் பக்கமாக நீளும் சட்ட மொழியை, அதுவும் தாய்மொழியல்லாத மொழியில், மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டு வாசித்து ஏற்பவர் எத்தனை பேர்? மறுத்தால் சேவை இல்லை என்னும்போது விருப்புரிமைதான் எங்கே?

நம் நாட்டுச் சட்டமும் இவ்வினாவை எழுப்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கத்திற்கான உரிமை அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்புதல் என்பது தன்னுரிமையோடும், குறித்த ஒரு நோக்கத்திற்காகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்திற்கிடமின்றியும் அளிக்கப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். தகவல் கேட்போர் தம் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட 22 அட்டவணை மொழிகளுள் ஒன்றிலோ படிக்க வாய்ப்பளிக்க வேண்டும். தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முதன்மையான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது. அதே சட்டம், அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. சட்டம் வேலி, அறம் அதற்கும் அப்பால் செல்ல வேண்டியிருக்கிறது.

“மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன அச்சம்?” என்று நல்லவர்கள் பலர் கேட்கின்றனர். மேலோட்டமாகப் பார்த்தால் இது நேர்மையின் குரலாகவே ஒலிக்கிறது. ஆனால் அந்தரங்கம் என்பது குற்றத்தின் ஒளிவிடம் மட்டுமே என்ற தவறான எண்ணம் இதனுள் பதுங்கியிருக்கிறது. கணவன் மனைவியின் கண்ணீரும், தாய் மகளுக்குச் சொல்லும் அறிவுரையும், நோயாளி மருத்துவரிடம் காட்டும் புண்ணும் குற்றங்களா? அவை யாருக்கு உரியவையோ அவரிடம் மட்டும் திறக்கப்படுவதால்தான் அவற்றிற்கு மதிப்பு. மனச்சான்றை, மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் தூயகமாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டது. அந்தரங்கம் காக்கப்படுவதை மனித உரிமைகளின் வரிசையில் வைத்தது. தன்னைத் திறந்து காட்டுவது அன்பின் செயல். கதவே இல்லாத வீட்டில் ‘உள்ளே வா’ என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

மேலும், தகவல் அறிவது ஆளை அறிவதாகுமா? 2006ஆம் ஆண்டு ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க நிறுவனம், ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் தேடிய சொற்களை, பெயர்களை நீக்கி எண்களாக மாற்றி, ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. சில நாள்களுக்குள் நாளிதழ் ஒன்றின் செய்தியாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றுக்குரியவரான முதிய பெண்மணி ஒருவரின் வீட்டுக் கதவையே தட்டிவிட்டனர். பெயரை மறைத்தால் ஆள் மறைவதில்லை என்பது அதில் கிடைத்த ஒரு பாடம். அதனினும் ஆழமான பாடம் வேறொன்று. அவர் தேடியவற்றுள் பல நோய்களின் பெயர்கள் இருந்தன. அவை அவருடைய நோய்கள் அல்ல. நோயுற்ற தோழியருக்காக அவர் தேடியவை. ஏட்டை மட்டும் பார்ப்பவன் அவரை நோயாளி என்று எழுதியிருப்பான். அங்கே இருந்தது அயலாரின் மீதான அன்பு. ஏட்டிற்கு அன்பு தெரியாது.

தாவீது அரசன் மக்களைக் கணக்கெடுத்தது பாவமாகக் கருதப்பட்டதேன் என்று பலர் வியப்பதுண்டு. கணக்கெடுப்பே பாவமன்று, எண்ணிக்கை என்ற பெயரிலேயே திருநூல் ஒன்று உள்ளதே. ஆண்டவருடைய மக்களைத் தன் படைபலமாக, தன் உடைமையாக எண்ணியதே அவன் பிழை என்று நாம் கொள்ளலாம். நல்ல ஆயனும் ஆடுகளை அறிகிறான். ஆனால் பெயர் சொல்லி அழைக்கிறான், ஆடுகளும் அவன் குரலை அறிகின்றன. அறிதல் அங்கே இருவழிப் பாதை. ஊர் மளிகைக் கடைக்காரருக்கும் நம் வீட்டு நிலைமை தெரியத்தான் செய்தது. நமக்கும் அவரைத் தெரியும். நம்மை அறிபவர் யாரென்றே நாம் அறியாதபோதுதான் அறிவு ஆதிக்கமாக மாறுகிறது.

இதனால் பழைய ஊர் வாழ்வை வானளாவப் புகழ வேண்டியதில்லை. எழுத்தறியாத தாய்மார் தம் மகனின் கடிதத்தைப் பிறர் வாய்வழியே கேட்க வேண்டியிருந்தது. ஒரு பெண் யாரோடு பேசினாள் என்பதை ஊரே காவல் காத்தது. அதன் விலையைப் பெண்களே கொடுத்தனர். வள்ளுவர் புறங்கூறாமைக்கு இல்லறவியலிலேயே ஓர் அதிகாரம் ஒதுக்கியதற்கு அன்றும் தேவை இருந்தது. ஒற்றாடலை அவர் அரசனுக்குரிய பொருட்பாலில் வைத்தார். இன்றைய வணிகமோ ஒற்றாடலை அரண்மனையிலிருந்து எடுத்து அங்காடிக்குக் கொண்டுவந்துவிட்டது.

‘என் தகவல், என் விருப்பம்’ என்று சொல்லிவிடவும் இயலாது. முகநூல் வழியாக நடந்த ஓர் ஆளுமைத் தேர்வின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் கைக்குச் சென்ற செய்தி 2018இல் வெளிப்பட்டது. உலகளவில் 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று முகநூல் நிறுவனமே கூறியது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்களோ ஏறத்தாழ 5,62,000 பேர். 335 பேர் ‘சரி’ என்றனர். அவர்களுடைய நண்பர்களாக இருந்த ஒரே காரணத்தால் இலட்சக்கணக்கானோரின் கதவுகள் திறந்தன. நம் கைப்பேசியின் தொடர்புப் பட்டியலை ஒரு செயலிக்குத் திறந்துவிடும்போது நாம் கொடுப்பது பெரும்பாலும் நம்முடையதன்று. நம்மை நம்பித் தம் எண்ணைத் தந்தவர்களுடையது.

இங்கேதான் நம் தமிழ் மரபின் அருமையான சொல் ஒன்று நமக்குத் துணைவருகிறது: அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை இடைக்குல மடந்தை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு ‘அடைக்கலக் காதை’ என்றே பெயர். அடைக்கலமாக வந்ததைக் காக்க இயலாமற்போன துயரில் மாதரி தீயில் புகுந்ததாகக் காப்பியம் கூறுகிறது. அவளது முடிவு நமக்கு முன்மாதிரியன்று. ஆனால் ஒப்படைக்கப்பட்டதன் கனத்தை அவள் அறிந்திருந்தாள். விலைகொடுத்து வாங்கிய பொருளை விருப்பம்போல் விற்கலாம். அடைக்கலப் பொருளை விற்க முடியாது. எந்த நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படுத்தலாம். தேவை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பிறர் விவரங்களை வாங்கி வைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது: தேவைக்கு மேல் கேளாதே, கேட்டதைப் பூட்டிக் காத்திடு, வேறொன்றுக்குப் பயன்படுத்தாதே, வேலை முடிந்ததும் அழித்துவிடு.

அழித்தல் என்பதை எண்ணும்போது மன்னிப்பும் நினைவுக்கு வருகிறது. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், காலம் கடந்து பொருத்தமற்றுப்போன பழைய செய்திகளைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கோரும் உரிமையை ஏற்றது. மனந்திரும்பியவனின் நேற்றைய நாளை நாள்தோறும் அவன் முகத்தில் வீசும் உலகில் புதுவாழ்வு எளிதன்று. அதே வேளையில், அந்தரங்கம் என்ற போர்வையில் எளியோர்க்கு இழைத்த கொடுமைகள் மூடப்படவும் கூடாது. இதைத் திருச்சபையும் வேதனையோடு கற்றது. பாலியல் கொடுமை வழக்குகளில் திருத்தந்தை இரகசியம் என்ற விதியை 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் நீக்கினார். ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரையோ அன்றுபோல் இன்றும் மீறவொண்ணாதது. இரண்டிற்கும் முரணில்லை. முன்னது வலியோரைக் காக்கும் திரையாகப் பயன்பட்டபோது கிழிக்கப்பட்டது. பின்னது தன்னைத் தானே குற்றம்சாட்டிக்கொள்ளும் எளியவனைக் காக்கிறது. ஒரு மறைப்பு நேர்மையானதா என்று அறிய, அது யாரைக் காக்கிறது என்று கேட்டாலே போதும்.

இவ்வளவும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. எவருடைய நற்பெயரையும் முறைகேடாகக் கெடுக்கவோ, அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை மீறவோ கூடாது என்பது திருச்சபைச் சட்டத்தின் 220ஆம் விதி. பங்கின் பதிவேடுகள் வெளியார் கையில் சேராதவாறு பங்குத்தந்தை கவனித்துக்கொள்ள வேண்டும் என்கிறது 535ஆம் விதி. திருமுழுக்குப் பதிவேட்டின் ஒரு வரிக்குள் ஒரு குழந்தை தத்தெடுக்கப்பட்ட செய்தி இருக்கலாம். ஒரு தாயின் மௌனம் இருக்கலாம். அப்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவது எளிது. உதவி பெற்ற ஏழைகளின் பெயர்ப் பட்டியலை வாட்சாப் குழுவில் இடுவதும், நோயுற்றவருக்காகச் செபிக்கக் கேட்கும்போது அவரது மருத்துவ அறிக்கையையும் சேர்த்து அனுப்புவதும் எளிது. நல்லெண்ணம் மட்டும் இவற்றை நியாயப்படுத்திவிடாது. செபிப்பதற்குப் பெயர் போதும். இறைவனுக்கு மருத்துவ அறிக்கை தேவையில்லை.

அன்பியக் கூட்டத்திலும், மறைக்கல்வி வகுப்பிலும், இளையோர் அமைப்பிலும் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. அடுத்த முறை ஒரு படிவம் தயாரிக்கும்போது, ஒவ்வொரு கட்டத்தின் எதிரிலும் நம்மை நாமே வினவுவோம்: இது எதற்காக வேண்டும்? யார் பார்ப்பார்? எப்போது அழிப்போம்? விடை கிடைக்காத கட்டத்தை அடித்துவிடுவோம்.