நாலு பேருக்கு நடுவில்

"நாலு பொம்பளைங்களுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்." அம்மா, மனைவி, இரண்டு பெண்கள் என்று விரல் மடக்கி, ஆட்டையாம்பட்டி டீக்கடையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். எதில் மாட்டிக்கொண்டேன் என்று யாரும் கேட்டதில்லை.

போன மாதம் அம்மாவுக்குத் தலைசுற்றல். சேலத்துக்குக் கூட்டிப் போனேன். "என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்றார் டாக்டர். "காலைல ஒரு சின்ன வெள்ளை மாத்திரைங்க" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மனைவிக்குப் போன் போட்டேன். முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் கைமுறுக்குக்கு அச்சு கிடையாது. மாவை விரலால் திரித்துத் திரித்தே ஈரத்துணிமேல் சுற்று சுற்றாக வளைக்க வேண்டும். கையெல்லாம் மாவு. சின்னவள் போனை அவள் காதோரம் பிடித்திருப்பாள்போல. "டெல்மிசார்டான் 40 காலைல ஒண்ணு. மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை. முன்னாடி அம்லோடிபின் குடுத்தாங்க, கால் வீங்குச்சுன்னு மாத்திட்டாங்க. ஏங்க, சீட்டுத்தான் உங்க சட்டைப் பையிலயே வெச்சனே?" என்றாள். இருந்தது.

அன்று ராத்திரி டிவியில் 'சதி லீலாவதி' ஓடியது. 1936இல் எம்.ஜி.ஆர். அறிமுகமான படம் அல்ல; 1995இல் வந்த பாலுமகேந்திராவின் படம். கமல்ஹாசன் கோயம்புத்தூர் டாக்டர் சக்திவேல் கவுண்டர், கோவை சரளா மனைவி பழனி. நண்பன் அருண், மனைவி லீலாவதி இருக்கும்போதே இன்னொருத்தியோடு சுற்றுகிறான். அதை மறைக்கப்போய் டாக்டர் படும் பாட்டுக்கு வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறேன், பழனியிடம் அகப்பட்ட பாவப்பட்ட மனுஷன் என்று. இந்தத் தடவை வேறு மாதிரி தெரிந்தது. அவர் அகப்பட்டது பழனியிடம் அல்ல, தான் துணைபோன பொய்யிடம். பழனி கேட்டதெல்லாம் நியாயமான கேள்விதான். லீலாவதி இன்னும் கெட்டிக்காரி. சண்டை போடாமல், பிள்ளைகளைக் கொண்டுவந்து கணவனிடமே விட்டுவிட்டுப் போகிறாள். அதுவரை அந்த வீடு யார் தோளில் நின்றது என்பது அதற்கப்புறம்தான் அருணுக்கு உறைக்கிறது.

ராபர்ட் ஆல்ட்மன் 2000இல் எடுத்த 'டாக்டர் டி அண்ட் தி விமன்' படத்திலும் ஒரு டாக்டர். டல்லாஸ் நகரத்தின் மகளிர் மருத்துவர், ரிச்சர்ட் கியர் நடித்தது. வரவேற்பறை கொள்ளாத பெண்கள் கூட்டம். எல்லாரிடமும் தேனாய்ப் பேசுவார். மனைவிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவளோ ஒருநாள் கடைவளாகத்து நீரூற்றில் உடையைக் களைந்துவிட்டு இறங்குகிறாள். அளவுக்கு மீறி நேசிக்கப்பட்டதால் வந்த நோய் என்கிறது படம். எனக்கு அந்த விளக்கம் ஒட்டவில்லை. தாங்குவதும் கேட்பதும் ஒன்றல்ல. அவர் அவளைத் தாங்கினார். அவளிடம் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

நானும் குறை வைத்ததில்லை. பள்ளிக் கட்டணம், நோம்பிக்குப் புடவை, எல்லாம் நாள் தவறாமல். அதைத்தான் மாட்டிக்கொண்டதாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன். உண்மையில் நாலு பேரும் என்னைச் சுற்றி நின்று தாங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்றவனுக்குத் தன்னைத்தான் தெரிந்தது.

அம்மாவின் மாத்திரைகள் இப்போது எனக்கு மனப்பாடம். பெரியவளுக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது; அது எதுவென்று இன்னும் தெரியாது.