யாருடைய நூலகர்?

2019 பிப்ரவரி 28 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகம், எல்செவியர் நிறுவனத்தோடு நடத்திவந்த சந்தாப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. சாதாரண வாடிக்கையாளர் இல்லை. பத்து வளாகங்கள், அமெரிக்க ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் சந்தா. அந்த வருடம் ஜூலையில் எல்செவியர் புதிய கட்டுரைகளுக்கான வழியை அடைத்தது. அதன்பிறகு அங்கிருந்த ஆய்வாளருக்கு ஒரு புதிய கட்டுரை வேண்டுமென்றால் நூலகத்திடம் சொல்லி, வேறொரு நூலகத்திலிருந்து இரவலாக வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேட்க வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு வருடம் இப்படியே போனது.

வியாபாரப் பேரம் என்று இதைக் கடந்துவிடலாம். ஆனால் இந்தப் பேரத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் நூலகர்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. வாசகருக்கும் நூலுக்கும் இடையில் இருக்கிற தடையை எடுப்பதற்குத்தான் நூலகருக்குச் சம்பளம். இங்கே தெரிந்தே தன் வாசகருக்கு ஒரு தடை வருவதை அவர் ஏற்றுக்கொண்டார். அந்த உரிமையை யார் கொடுத்தது?

முதலில் இந்த வியாபாரம் எப்படி நடக்குதுன்னு பார்த்துடுவோம். ஆய்வுக்கான பணம் பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். விஞ்ஞானி கட்டுரை எழுதுகிறார், சன்மானம் கிடையாது. துறை சார்ந்த இன்னொருவர் அதைப் படித்து மதிப்பிடுகிறார், அவருக்கும் பொதுவாக ஒன்றும் கிடையாது. (சிற்றிதழில் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய ஏற்பாடுதான். என்ன, சிற்றிதழ் ஆசிரியர் கைக்காசைப் போட்டு நடத்துவார். எல்செவியரின் ஆய்விதழ்ப் பிரிவுக்கு லாபமே 30 சதவீதத்துக்கு மேல்.) கடைசியில் அந்தக் கட்டுரையை அதே விஞ்ஞானியும் அவர் மாணவர்களும் படிப்பதற்குப் பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டுகிறது. 2012இல் ஹார்வர்டின் ஆசிரியர் குழுவொன்று, இந்தச் சந்தாக்களை இனித் தாங்க முடியாது என்று சக ஆசிரியர்களுக்கு எழுதியது. சில இதழ்களின் ஆண்டுச் சந்தா 40,000 டாலர். ஹார்வர்டுக்கே மூச்சு முட்டுதுன்னா மத்தவங்களைப் பத்திப் பேசவே வேண்டாம்.

விலை குறைய வேண்டும் என்று கலிபோர்னியா நூலகர்களும் கேட்டார்கள். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் கேட்டார்கள்: எங்கள் விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்க முடிய வேண்டும். இதைத்தான் திறந்த அணுக்கம் என்கிறோம். கவனியுங்கள், இதனால் பயன்பெறப்போகும் வாசகருக்கு அந்த நூலகத்தின் உறுப்பினர் அட்டைகூடக் கிடையாது. ஈப்போவில் ஒரு ஆசிரியராக இருக்கலாம், வேலையில் இல்லாத ஒரு பட்டதாரியாக இருக்கலாம். முகம் தெரியாத அந்த ஆளுக்காக, சொந்த வளாகத்து வாசகர் இரண்டு வருடம் காத்திருந்தார்.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். இரண்டாவது விதி வாசகரின் பக்கம் நிற்கிறது: ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். மூன்றாவது நூலின் பக்கம்: ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைப் போய்ச் சேர வேண்டும். ஒரு கட்டடத்துக்குள் இவை இரண்டும் சண்டை போடுவதில்லை. இணையம் வந்த பிறகு போடுகின்றன. இரண்டாவது விதிப்படி பார்த்தால், நாளைக்கு அறுவை சிகிச்சை செய்யப்போகிற மருத்துவரைக் காக்க வைத்தது தவறு. மூன்றாவது விதிப்படி, சான் பிரான்சிஸ்கோவில் எழுதப்பட்ட கட்டுரையின் வாசகர் எந்த ஊரிலும் இருக்கலாம், அவரைத் தேடிப் போவதும் கடமைதான். நான் மூன்றாவது விதியோடு நிற்கிறேன். காத்திருந்தவருக்கு இரவல் வழியாவது இருந்தது. வெளியே நின்றவருக்கு நேர்வழி எதுவுமே இல்லை. 'சை-ஹப்தான் இருக்கே' என்பார்கள். பின்வாசல் திறந்திருக்கிறது என்பதற்காக முன்வாசலைப் பூட்டிவைப்பது நியாயமாகிவிடுமா?

2021 மார்ச்சில் உடன்பாடு வந்தது. நூலகர்கள் கேட்டது பெரும்பாலும் கிடைத்தது. வெளியிடும் கட்டணத்தில் முதல் 1,000 டாலரை நூலகம் கொடுக்கும், மிச்சத்தை ஆய்வுநிதி உள்ளவர் அதிலிருந்து கொடுப்பார், நிதி இல்லாதவருக்கு முழுவதையும் நூலகமே ஏற்கும். நல்ல ஏற்பாடு. கலிபோர்னியாவில் இருந்தால்.

சிக்கல் இங்கேதான். படிப்பது இலவசமானால் செலவை வேறு யாராவது ஏற்க வேண்டுமில்லையா, அது எழுதுகிறவர் தலையில் வந்து விழுந்தது. 2020 நவம்பரில் நேச்சர் இதழ் தன் கட்டணத்தை அறிவித்தது: ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம்ம காசுக்கு 40,000 ரிங்கிட்டுக்கு மேல். மிக ஏழை நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் முழு விலக்கு தருகின்றன. மலேசியா மாதிரி நடுவில் மாட்டிக்கொண்ட நாடுகள் வழக்கமாக அந்தப் பட்டியலில் வருவதில்லை. தனியாக விண்ணப்பித்துச் சலுகை கேட்கலாம்தான். ஆனால் ஒரு ஆய்வாளர் தன் வறுமையை விளக்கிக் கடிதம் எழுதி, யாரோ மனமிரங்கி, அப்புறம் அவர் கண்டுபிடிப்பு அச்சேறுவதற்குப் பெயர் அறிவுச் சமத்துவமா? முகம் தெரியாத வாசகருக்காகப் போராடிய நூலகங்கள், முகம் தெரியாத எழுத்தாளரை இன்னொரு வாசலில் நிற்க வைத்துவிட்டன. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அது தெரிகிறது. ஆனாலும் நிற்பவர் நிற்கிறார்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1991இல் லாஸ் அலமோஸில் பால் கின்ஸ்பார்க் ஆரம்பித்த ஆர்க்கைவ், 2001இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது, நெடுங்காலம் அதன் நூலகத்தின் பொறுப்பில் இருந்தது. கட்டுரை போடவும் காசில்லை, படிக்கவும் காசில்லை. அது சக ஆய்வாளர் மதிப்பீடு செய்யும் இதழல்ல என்பது உண்மைதான். அந்தக் குறைக்கும் ஒரு பதில் 2014 ஜனவரியில் வந்தது. செர்ன் ஆய்வகம் முன்னின்று நடத்தும் ஸ்கோப்3 என்ற கூட்டணியில் 3,000 நூலகங்கள்போலச் சேர்ந்து, சந்தாவுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பிவிட்டு, துகள் இயற்பியலின் முக்கிய இதழ்களை எல்லாருக்கும் திறந்துவிட்டன. ஒவ்வொரு நாடும் தான் எழுதும் கட்டுரைகளின் அளவுக்கு ஏற்பப் பங்கு போடுகிறது. எந்த நாட்டு இயற்பியலாளர் எழுதினாலும் அவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நாளைக்கு ஒரு நூலகம் தன் பங்கை நிறுத்தினால் அதன் வாசகருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, அந்த இதழ்கள் அவருக்கும் திறந்தேதான் இருக்கும். கூட்டணியை விட்டு விலகுகிறவரைத் தண்டிக்க வழியே கிடையாது. அதனால் ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் யாராவது ஒரு நிதி அதிகாரி, 'சும்மா கிடைக்கிறதுக்கு நாம எதுக்குங்க பணம் கட்டணும்?' என்று கேட்கலாம். அவர் முன்னால் உட்கார்ந்து, தன் வளாகத்தில் இல்லாத ஒருவருக்காக அந்தப் பணத்தை வாங்கி வர வேண்டியவர் நூலகர்.