தெரிஞ்சுதானே செஞ்சான்?

செந்தூலில் யாராவது போலீஸில் மாட்டினால், வழக்கு கோர்ட்டுக்குப் போகும் முன்பே மாமாக் கடை மேசையில் தீர்ப்பு வந்துவிடும்: "தெரிஞ்சுதானே செஞ்சான்?" இதில் 'செஞ்சான்' சுலபம். கேமரா இருக்கும், கைரேகை இருக்கும். 'தெரிஞ்சு' என்பதை எங்கே போய்த் தேடுவது?

குற்றவியல் சட்டம் பொதுவாக இரண்டையும் கேட்கிறது: குற்றச்செயல், குற்றமனம். நம்முடையது என்று நினைத்து அடுத்தவர் குடையை எடுத்து வந்தால் திருட்டு இல்லை. திருடணும் என்று மனசுக்குள் ஆசைப்பட்டுச் சும்மா இருந்தாலும் திருட்டு இல்லை. தொடராக இணைத்த ரெண்டு சுவிட்ச் மாதிரி. ரெண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும்.

ஆனால் சட்டமே ஒரு சுவிட்சை முன்கூட்டியே போட்டு வைத்தால்?

மலேசியாவின் 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டம் அதைத்தான் செய்கிறது. உங்கள் பையில் போதைப்பொருள் இருந்தால், அது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று அனுமானிக்கிறது. ஹெராயின் 15 கிராம் எட்டிவிட்டால் கடத்தல் என்று அனுமானிக்கிறது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். 2014இல் சேர்த்த 37ஏ பிரிவு, ஒரு அனுமானத்தின் மேல் இன்னொன்றை அடுக்கவும் அனுமதித்தது. பை கையில் இருந்ததை மட்டும் நிரூபித்தால் போதும்; மிச்சத்தை அனுமானம் பார்த்துக்கொள்ளும். முடிவில் தூக்கு. 2019 ஏப்ரல் 5 அன்று, அல்மா நூடோ அதென்சா வழக்கில், கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தப் பிரிவைச் செல்லாது என்றார்கள்.

அனுமானமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் பிடிபட்ட எல்லோரும் "எனக்குத் தெரியாது" என்பார்கள். மனசைத் திறந்து பார்க்கக் கருவி கிடையாது. ஆனால் அனுமானம் ஒரு கேள்வியின் தொடக்கமாக இருக்கலாம். உயிர் போகிற இடத்தில் அதுவே பதிலாகிவிடக் கூடாது.

இன்னும் சிக்கலான இடம் ஒன்று உண்டு. ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கம், 2009 ஏப்ரலில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்டார். 42.72 கிராம் ஹெராயின். மிரட்டப்பட்டதாகச் சொன்னார்; நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருடைய ஐக்யூ 69 என்று மதிப்பிடப்பட்டது. ஆனாலும் செய்வது என்னவென்று அறிந்தே செய்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். வயது 33.

இங்கே யாரும் சுவிட்சை இரகசியமாகப் போடவில்லை. சட்டத்தின் கணக்கில் அவருக்குத் 'தெரியும்'. பொட்டலம் இருப்பது தெரிவதும், அதை மறுத்தால் என்ன, கொண்டுபோனால் என்ன என்று எடைபோடத் தெரிவதும் ஒன்றா? சுவிட்சுக்கு இரண்டே நிலை. மனசுக்கு அப்படி இல்லை. பயம், கடன், மந்தம், அவசரம் எல்லாம் சேர்ந்துதான் ஒரு ஆள் 'சரி' என்கிறான்.

2023இல் மலேசியா கட்டாய மரண தண்டனையை நீக்கியது. தூக்குத் தண்டனை போய்விடவில்லை. ஆனால் தண்டனை சொல்லும் முன் அந்த ஆளைப் பார்க்க நீதிபதிக்கு இப்போது இடமுண்டு. மேசையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்த இடம் எப்போதும் இருந்தது. "தெரிஞ்சுதானே செஞ்சான்" என்ற பிறகு, "எவ்வளவு தெரிஞ்சு?" என்று நாம்தான் யாரும் கேட்டதில்லை.