குணமாகாதவன்

ஹான்யா யானகிஹாராவின் ‘எ லிட்டில் லைஃப்’ நாவலைப் பாதியில் மூடி வைத்தவர்கள் உண்டு. மூன்று முறை வாசித்தவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சொல்லும் காரணம் ஒன்றேதான்: தாங்க முடியல.

2015இல் வந்த நாவல், 700 பக்கங்களுக்கு மேல். புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது, கிர்கஸ் பரிசு வாங்கியது. நியூயார்க்கில் நான்கு கல்லூரி நண்பர்கள். அவர்களில் ஜூட் மட்டும் தன் சிறுவயதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மடாலயத்தில் வளர்ந்த அநாதை. அங்கேயும் அதன் பிறகும் அவனுக்கு நடந்த பாலியல் கொடுமைகள் நமக்குச் சிறுகச் சிறுகத் தெரியவருகின்றன. பெரிய வழக்கறிஞர் ஆகிறான். முப்பது வயதில் ஒரு பேராசிரியர் அவனைத் தத்தெடுக்கிறார். நண்பன் வில்லெம் காதலனாகிறான். எதுவும் போதவில்லை. (முடிவைச் சொல்லாமல் மேலே பேச முடியாது, வாசிக்காதவர்கள் மன்னிக்கவும்.) கடைசியில் ஜூட் தற்கொலை செய்துகொள்கிறான்.

கார்த் கிரீன்வெல் ‘தி அட்லாண்டிக்’ இதழில் இதைக் கொண்டாடி எழுதினார். அதே வருடம் டேனியல் மெண்டெல்சன் ‘நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழில், இத்தனை துன்பத்துக்குக் கலை சார்ந்த தேவையே இல்லை என்று கிழித்தார். நாவலின் எடிட்டர் ஜெரால்ட் ஹோவர்ட் அதற்கு மறுப்புக் கடிதம் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், ஜூடுக்கு இவ்வளவு கொடுமை வேண்டுமா என்று எழுத்தாளரோடு மல்லுக்கட்டித் தோற்றவரும் இதே ஹோவர்ட்தான்.

‘ஒருத்தனுக்கே இவ்வளவும் நடக்குமா?’ என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடக்கும். என் நண்பன் ஒருவன் தனக்குச் சின்ன வயதில் நடந்ததை என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறான். இந்த நாவல் அவனுக்குப் பிடிக்கும். ஏன் என்று கேட்டேன். “எல்லாக் கதையிலயும் கடைசியில சரியாயிடறாங்கடா. நான் சரியாகல. அப்போ தப்பு என்கிட்டதானோன்னு தோணும். இதுல ஒருத்தன் சரியாகாமலே எழுநூறு பக்கம் வர்றான்” என்றான். நாவலை மிகையான அழுகாச்சி என்று ஒரே வரியில் ஒதுக்குபவர்கள் இந்தப் பதிலுக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. எங்கள் வேலையில் லோட் டெஸ்ட் என்று ஒன்று செய்வோம். சர்வர் மீது சுமையைக் கூட்டிக்கொண்டே போவோம். விழுந்தால் எங்கே, எதனால் விழுந்தது என்று லாகைத் தோண்டுவோம். என்ன ஆனாலும் விழுந்தே தீர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த டெஸ்ட்டிலிருந்து சர்வரைப் பற்றி ஒன்றும் தெரியவராது. டெஸ்ட் எழுதியவரைப் பற்றி வேண்டுமானால் தெரியும்.

யானகிஹாரா இதை மறைக்கவும் இல்லை. ஒருபோதும் குணமாகாத ஒருவனை எழுத விரும்பியதாகவும், வாழ்ந்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தும் உளவியல் சிகிச்சைமேல் தனக்குச் சந்தேகம் உண்டு என்றும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நாவலும் அதற்கேற்பத்தான் கட்டப்பட்டிருக்கிறது. கதை சில பத்தாண்டுகள் ஓடுகிறது. ஒரு வருடம், ஒரு ஜனாதிபதி பெயர்கூட வராது. இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்த நகரமா இது என்றே தெரியாது. ஜூட் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்கிறான், ஆண்டி என்ற டாக்டர் நண்பர் வருடக்கணக்காக மருந்து போடுகிறார். மனநல மருத்துவரிடமும் ஜூட் போகிறான். அந்த அறையில் நாவலுக்கு அக்கறையே இல்லை. ஒருவன் குணமாகவில்லை என்று காட்டுவதற்கு எழுத்தாளருக்கு முழு உரிமை உண்டு. குணமாகவே முடியாது என்பது ஜூடோடு நிற்கிற பேச்சு அல்ல. அது என் நண்பனைப் பற்றியும் ஏதோ சொல்கிறது. அதற்கு ஆதாரமாக எல்லாக் கதவையும் எழுத்தாளரே சாத்திவிட்ட ஒரு வீட்டைக் காட்டினால், நான் எப்படி ஒத்துக்கொள்வது?

இதை அவனிடமே சொன்னேன். சிரித்தான். “கடைசியில என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்டா. வில்லெம் உயிரோட இருக்கிற இடத்துலயே நிறுத்திட்டேன். மிச்சத்த நான் படிக்கல” என்றான்.