எழுத்துப் பிழையும் பிறர்சிநேகமும்



பிறர் செய்யும் பாவத்தைக் கண்டால் எப்படித் திருத்துவது என்று பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். பிறர் எழுதும் எழுத்திலே பிழை கண்டால் என்ன செய்வது? இது அற்பக் காரியம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அற்பக் காரியங்களிலேதான் நம்முடைய பிறர்சிநேகம் அன்றாடம் சோதிக்கப்படுகிறது.

ஒரே விருப்பமுள்ளவர்கள் கூடித் தங்கள் அனுபவங்களை ஒருவருக்கொருவர் எழுதித் தெரிவித்துக்கொள்வது நல்ல வழக்கம். தோட்டம் வளர்ப்போர், தபால் தலை சேகரிப்போர், சமையலில் பிரியமுள்ளோர், கீர்த்தனை பாடுவோர் என்று இப்படி எத்தனையோ கூட்டங்கள் உண்டு. அங்கே கல்லூரியில் படித்தவரும் இருப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்றவரும் இருப்பார்.

அப்படிப்பட்ட கூட்டத்திலே வயதான தோட்டக்காரர் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகையைக் கார்த்திகை மாதத்தில் கவாத்துச் செய்து, தொழுவுரத்தோடு வேப்பம் பிண்ணாக்கையும் வேரடியில் இட வேண்டும் என்பது அவர் நாற்பது வருஷம் மண்ணைக் கிளறிக் கண்ட அனுபவம். ஆனால் பிண்ணாக்கைப் ‘புண்ணாக்கு’ என்றும், வேரை ‘வேறு’ என்றும் எழுதிவிட்டார். உடனே ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், “பெரியவரே, முதலில் தமிழ் எழுதக் கற்றுக்கொள்ளும், மல்லிகையைப் பிறகு பார்க்கலாம்” என்கிறார். நாலு பேர் சிரிக்கிறார்கள். அதற்குப்பின் பெரியவர் எழுதுவதேயில்லை. பிண்ணாக்கைத் திருத்தப் போய் ஒரு மனதைப் புண்ணாக்கியதுதான் மிச்சம். கூட்டத்தாரும் நாற்பது வருஷ அனுபவத்தை இழந்தார்கள். இருவரில் பெரிய பிழை செய்தவர் யார்?

நாம் ஞானோபதேசத்தில் படித்த ஞான தர்மக்கிரியைகள் ஏழு. அவற்றுள் அறியாதவர்களுக்குப் போதிப்பது ஒன்று. பாவிகளைக் கண்டித்துத் திருத்துவது வேறொன்று. இவ்விரண்டையும் கலந்துவிடுவதில்தான் தவறு பிறக்கிறது. எழுத்துப் பிழை பாவமல்ல. ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் றகரத்தை எழுதியவன் பத்துக் கற்பனைகளில் எதை மீறினான்? ஆகையால் பாவியைக் கண்டிக்கும் குரலுக்கு அங்கே இடமில்லை. அங்கே செய்யக்கூடியது போதிப்பது மாத்திரமே. போதிப்பது தர்மம். தர்மத்தையோ, வாங்குகிறவன் வெட்கப்படும்படி கொடுக்கலாகாது.

இதை நன்றாய் அறிந்திருந்தவர் அர்ச். அகுஸ்தீனார். அவர் மேற்றிராணியார் ஆவதற்கு முன் இலக்கணமும் பேச்சுக்கலையும் கற்பித்த ஆசிரியர். பிழையைக் கண்டுபிடிப்பதே அவருடைய தொழிலாயிருந்தது. அப்படிப்பட்டவர் தம்முடைய ‘பாவசங்கீர்த்தனங்கள்’ என்னும் நூலில் ஒரு வேடிக்கையான கொடுமையைச் சுட்டிக்காட்டுகிறார். லத்தீன் மொழியில் மனிதனைக் குறிக்கும் சொல் ஹகரத்தில் தொடங்குகிறது. அந்த ஹகரத்தை விட்டுவிட்டு உச்சரித்தால் படித்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். மனிதனையே பகைத்தாலோ அவர்களுக்கு அவ்வளவு வருத்தமில்லை! சொல்லுக்குச் செய்யும் குற்றம் பெரிது, சொல்லுக்கு உரியவனுக்குச் செய்யும் குற்றம் சிறிது என்று ஆகிவிட்டது. அன்றைய ஆப்பிரிக்காவுக்கு மட்டுமா இந்தக் கண்டனம் பொருந்தும்?

பின்னொரு காலத்தில், ஞானோபதேசம் கற்பிக்கும் முறையைக் கேட்ட கார்த்தேஜ் நகரத் தியாக்கோன் ஒருவருக்கு அவர் எழுதிய நூலிலே, கல்வியில் தேர்ந்தவர்கள் ஞானஸ்நானம் பெற வரும்போது அவர்களுக்கு ஒரு புத்தி சொல்லச் சொல்கிறார். ஆலயத்தில் மேற்றிராணியாரோ குருவோ செபிக்கையில் சொற்பிழை நேர்ந்தால் நகைக்கலாகாது. சர்வேசுரனுடைய செவி குரலை அல்ல, இருதயத்தையே கேட்கிறது என்று அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து.

அப்படியானால் பிழையைப் பிழையாகவே விட்டுவிடுவதுதான் சிநேகமோ? இல்லை. மொழியும் சர்வேசுரன் தந்த கொடைதான். அதைச் சுத்தமாய் வைத்துக்கொள்வது கடமை. தமிழ் எழுத்திலே எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் கண்ணுக்குத் தெளிவாய் விளங்கும்படி வடிவம் திருத்தியவர் என்று தமிழுலகம் போற்றுவது யாரை? இத்தாலி தேசத்தில் 1680-ல் பிறந்து, நம்மிடையே உழைத்து, 1747-ல் இறைவனடி சேர்ந்த வீரமாமுனிவரை அன்றோ! ஒரு சிறு கோடும் சுழியும் அவருக்கு அற்பமாய்த் தோன்றவில்லை. ஏனெனில் படிக்கிறவன் மயங்கக்கூடாது என்பது அவர் கவலை. அதே முனிவர் செந்தமிழுக்கு இலக்கணம் செய்ததோடு நில்லாமல், சாதாரண ஜனங்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். பாமரர் வாய்மொழியைப் பரிகசிக்கவில்லை, உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

ஆகவே படிக்கிறவன் மயங்குவானா என்பதே முதற்கேள்வி. ‘தண்ணீரைக் குரைத்து ஊற்றவும்’ என்று ஒருவர் எழுதினால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் பொருள் விளங்கிவிடும். அதைப் பேசாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘களையை வெட்டவும்’ என்பதற்குப் பதிலாகக் ‘கிளையை வெட்டவும்’ என்று எழுதிவிட்டாலோ, ஒருவருடைய செடி பாழாகும். அங்கே மௌனம் சிநேகமல்ல. அச்சுக்குப் போகும் கல்யாணப் பத்திரிகையில் பிழை கண்டும் சொல்லாமலிருந்து, அச்சான பின் சிரிப்பவனும் சிநேகிதனல்ல.

இனி, திருத்துவது எப்படி? உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய் அவனுக்குச் சொல் என்று அர்ச். மத்தேயு சுவிசேஷம் 18-ம் அதிகாரத்தில் சேசுநாதர் சுவாமி கற்பிக்கிறார். பாவத்துக்கே இந்த மரியாதை உண்டென்றால், ஒற்றெழுத்து ஒன்றை விட்டதற்கு எவ்வளவு அதிகமாய் உண்டு! அர்ச்சியசிஷ்டவர்களுக்குள்ளேயும் இந்த ஒழுங்கு தற்செயலாய்த் தவறியபோது மனத்தாங்கல் நேர்ந்தது. 4-ம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில், கலாத்தியர் நிருபத்துக்கு அர்ச். ஜெரோம் எழுதிய விளக்கத்திலே ஒரு தவறு இருப்பதாக அர்ச். அகுஸ்தீனார் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பெத்லேகேமில் இருந்த ஜெரோமிடம் சேராமல், அதன் பிரதிகள் உரோமாபுரியிலும் இத்தாலியாவிலும் பலர் கைகளில் உலாவின. தமக்கு எழுதிய திருத்தத்தைத் தமக்கு முன்னே ஊரார் படித்தார்கள் என்று அறிந்த ஜெரோம் மிகவும் மனம் நொந்தார். அகுஸ்தீனார் மன்னிப்புக் கேட்டுத் தாழ்ச்சியோடு பதில் எழுதினார். பிற்பாடு இருவரும் சமாதானமாகி நண்பர்களாய்க் கடிதம் எழுதிக்கொண்டார்கள். வேண்டுமென்று செய்யாததற்கே இவ்வளவு நோவு உண்டானால், வேண்டுமென்றே நாலு பேர் முன்னிலையில் திருத்துவது எவ்வளவு நோகச் செய்யும்!

திருத்தப்படுகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. அர்ச். தோமாஸ் அக்குயினாஸைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழிவழியாய்ச் சொல்லப்படுகிறது. மடத்தின் போசன அறையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சொல்லின் உச்சரிப்பு தவறென்று மேற்பார்வையாளர் திருத்தினாராம். உண்மையில் அவர் வாசித்ததே சரி. ஆயினும் மறு பேச்சில்லாமல் சொன்னபடியே மாற்றி வாசித்தாராம். அசை நீண்டாலென்ன, குறுகினாலென்ன. தாழ்ச்சி குறையலாகாது என்பது அவர் எண்ணம். சரியான திருத்தத்தைக்கூட ஏற்க மனமில்லாமல் சண்டைக்குப் போகும் நாம் இதைச் சிந்திப்போமாக.

பெற்றோரே, வீட்டில் பிள்ளை தாத்தாவுக்குக் கடிதம் எழுதினால், முதலில் அதிலுள்ள அன்பைப் படியுங்கள். பிறகு மடியில் உட்கார வைத்துப் பிழையைக் காட்டுங்கள். பிள்ளைகளே, அதிகம் படிக்காத உங்கள் தாயார் எழுதும் கணக்குச் சீட்டைப் பார்த்து நகைக்காதீர்கள். உங்களை எழுத்தறியச் செய்தது அவருடைய வியர்வை.

பிறர் பிழையைக் கண்டவுடன் நம்முடைய உள்ளத்தில் எழுவது வருத்தமா, சந்தோஷமா என்று பார்ப்போம். சந்தோஷமாயிருந்தால், அந்த வேளையில் வாயைத் திறவாதிருப்பதே நலம். அப்போது திருத்தம் வேண்டியிருப்பது நமக்கே. அவருக்கு உதவவேண்டும் என்னும் ஆசையாயிருந்தால், தனியே, தாழ்ந்த குரலில், அவர் சொன்ன நல்ல விஷயத்துக்கு நன்றி கூறிவிட்டுச் சொல்வோம். கடைசித் தீர்வை நாளிலே நம்மைக் கேட்கப்போவது எத்தனை ஒற்றெழுத்துகளைக் காப்பாற்றினாய் என்பதல்ல. எத்தனை சகோதரரைக் காப்பாற்றினாய் என்பதே.