பின்பக்கத்தில் ஒரு வரி

அப்பாவின் அடக்க ஆராதனைத் தாளை நான்தான் தட்டச்சு செய்தேன். "ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். ஒரு ஏ4 தாள், நடுவில் ஒரு மடிப்பு, நான்கு பக்கம். முகப்பில் படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள். உள்ளே பாமாலை, ஜெபம், 90ஆம் சங்கீதம், 1 கொரிந்தியர் 15, பிரசங்கம். பின்பக்கம் குடும்பத்தார் பெயர்கள். மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம். நாசரேத்தில் டிடிபி கடைக்காரர் இரவு பத்து மணிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

எட்டரைக்குச் சித்தப்பா வந்து திரையை எட்டிப் பார்த்தார். "எலே, அவ பேரப் போடாத. அண்ணன் உசுரோட இருக்கும்போது சொன்னத மீறாதல."

அவள் என் அக்கா. ஒன்பது வருடங்களுக்கு முன் வேறு சாதியில் கல்யாணம் செய்தவள். ஒரே பாமாலையில் பாடுகிறவர்களுக்கும் சாதி உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "என் சாவுக்கும் அவ வரக்கூடாது" என்று அப்பா சொன்னபோது நானும் கூடத்தில்தான் இருந்தேன்.

இறந்தவரின் சொல்லுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டவர்கள்? பிள்ளைகளுக்கு நேர்வது இறந்தவர்களைத் தொடுமா என்று அரிஸ்டாட்டில் யோசித்திருக்கிறார். கொஞ்சம் தொடலாம், ஆனால் அவர்களுடைய நல்வாழ்வை மாற்றிவிடும் அளவுக்கு இல்லை என்பது அவர் வந்துசேர்ந்த இடம். எனக்கு அந்தக் 'கொஞ்சம்' போதும். அப்பாவைக் கொஞ்சம்கூடக் காயப்படுத்த அன்று எனக்கு மனம் வரவில்லை.

முகப்புக்கான பிறந்த தேதியைச் சரிபார்க்க அப்பாவின் வேதாகமத்தைத் திறந்தேன். முன்தாளில் அவர் கையெழுத்தில் எங்கள் பிறப்புகள். அக்காவின் வரி அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை மன்னிப்பு என்று வாசிக்க ஆசைதான். ஆனால் அவர் அந்தப் பக்கத்தை மறந்தே போயிருக்கலாம்.

ஆனால் ஒன்று தெளிந்தது. இந்தத் தாளில் இரண்டு வகை வரிகள் இருக்கின்றன. எந்தப் பாட்டு, எந்தச் சங்கீதம் என்பதெல்லாம் அப்பாவின் விருப்பம். அதில் அவர் சொல்தான் சட்டம். பிறந்த தேதி விருப்பமல்ல. அதை மாற்றச் சொல்லியிருந்தால் அவருக்காகக்கூட மாற்றியிருக்க மாட்டேன். மகள் என்பது இதில் எந்த வகை? வீட்டை யாருக்கு என்று உயில் எழுதலாம், அது அவருடையது. அவள் அவருக்குப் பிறந்தாள் என்பது அவர் கொடுக்கவோ பிடுங்கவோ கூடிய சொத்தல்ல. அவள் பெயரை விட்டால், இருநூறு பேர் ஒரு பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெபிப்பார்கள்.

தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. உறுத்துவது வேறு. இதை அப்பாவிடமே சொல்ல எனக்கு ஒன்பது வருடங்கள் இருந்தன. தீபாவளி லீவு, கிறிஸ்துமஸ் லீவு என்று வந்து, சாப்பிட்டு, ரயிலேறினேன். பதில் சொல்ல முடியாதவரிடம்தான் எனக்குத் தைரியம் வந்தது. சரியானதைத் தாமதமாகச் செய்கிறவன் அதற்காகப் பெருமைப்பட முடியாது. செய்துவிட்டுச் சும்மா இருக்கலாம், அவ்வளவுதான்.

என் பெயருக்குக் கீழே அக்கா, அத்தான், அவர்கள் மகன் பெயர்களை அடித்தேன். "சித்தப்பா, இது இருக்கட்டும்" என்றேன். அவர் பதில் பேசாமல் வெளியே போனார்.

அதுவரை சுவரோரம் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"அவதான மூத்தவ," என்றாள். "மேல போடு."

வரியை மாற்றிவிட்டு, பென்டிரைவை எடுத்துக்கொண்டு நாசரேத்துக்குக் கிளம்பினேன்.