எத்தனை குரோஸ்?

எங்கள் ஊரில் எதையும் எண்ணித்தான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும் பெண்ணிடம் "இன்னைக்கு எத்தனை கட்டை?" என்பார்கள். குச்சி அடுக்கும் சட்டம்தான் கட்டை. திண்ணையில் பெட்டி ஒட்டுகிறவரிடம் "எத்தனை குரோஸ் ஆச்சு?" என்பார்கள். ஒரு குரோஸ் 144. பன்னிரண்டாம் வாய்ப்பாடு பள்ளிக்கூடத்தில் வருவதற்கு முன்பே சிவகாசிப் பிள்ளைகளுக்கு இந்த எண் தெரிந்திருக்கும். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அன்று தொடங்கி நூறு வருடமாகக் குச்சியும் வெடியும் அச்சுத்தாளும் இங்கே எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. எண்ணினால்தான் கூலி, கூலி வந்தால்தான் சோறு.

இந்தப் பழக்கம் என் வாசிப்புக்குள்ளும் புகுந்துவிட்டது என்பது, ஓர் அவமானம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று ஊருக்குள் வந்த அச்சுத்தொழில், இன்று டைரி, காலண்டர், நோட்டு என்று தெருத்தெருவாக நிற்கிறது. மாதக் கடைசி ஞாயிறு மாலை, ஒரு பைண்டிங் கடையின் மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படித்ததைப் பேசுவோம். ஆடிப்பெருக்கன்று புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் வரத் தொடங்கினால் ஆள் குறையும். தீபாவளி நெருங்கினால் கூட்டமே நடக்காது. தை பிறந்ததும் மறுபடி கூடுவோம். அந்த முதல் கூட்டத்தில், போன வருடம் யார் எத்தனை புத்தகம் படித்தோம் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒருவர் 52 என்றார். இன்னொருவர் 60. என் முறை வந்தபோது 41 என்றேன்.

பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண் அப்போதுதான் கூட்டத்துக்கு வரத் தொடங்கியிருந்தாள். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் ஆபீஸ் வண்டியிலும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியிலும் புத்தகம் படிக்கிறவள். "அதுல ஒண்ணைப் பத்திச் சொல்லுங்கண்ணே" என்றாள். அறுநூறு பக்க நாவல் ஒன்றை எடுத்துப் பத்து நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த கூட்டத்தில் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "கடைசி வரைக்கும் அந்தப் பெரியவர்தான் குடும்பத்தத் தாங்கிப் பிடிக்கிறாருன்னு சொன்னீங்க. அவரு இருநூறாம் பக்கத்துலயே செத்துப் போறாரேண்ணே? நான்தான் தப்பாப் படிச்சிட்டேனா?"

நான் படித்தது 120 பக்கம். மீதியைப் பின்னட்டையும் முன்னுரையும் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன.

பொய் பிடிபட்டது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் தன் கண்ணையே நம்பாமல் நின்றாளே, அதுதான் சுட்டது. படிக்காதவன் படித்தேன் என்று அடித்துச் சொன்னால், படித்தவள் தன்னைச் சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள். நாலு புத்தகப் பிரியர்கள் கூடும் இடத்தில் செய்யக்கூடிய கெடுதலில் இதைவிடப் பெரிது எனக்குத் தோன்றவில்லை.

120-ஆம் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நிறுத்தியதற்குக் காரணமும் இருந்தது. அந்தப் பெரியவர் மகனை வீட்டை விட்டுப் போகச் சொல்லும் இடம் அது. எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இரவு உண்டு. மேலே படிக்க மனசு வராமல் மூடிவைத்தேன். அந்த நாவலைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே சொந்தக் கருத்து அதுதான். அதை விழுங்கிவிட்டு, ஊரான் எழுதிய மற்றதையெல்லாம் ஒப்பித்திருக்கிறேன்.

பாதியில் நிற்பதற்கு எங்கள் ஊரில் பிறந்தவன் வெட்கப்படலாமா? நாங்கள் எழுத்துக்கூட்டிப் படித்ததே பாதித் தாளில்தான். வெடி சுருட்டுவது பழைய பேப்பரில். தீபாவளி காலையில் தெருவெல்லாம் கிழிந்து கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி, கருகியது போக மிச்சமிருக்கும் வரிகளைப் படிப்போம். தலையும் வாலும் இல்லாத வாக்கியத்துக்கு ஆளுக்கொரு முடிவு சொல்வோம். யாரும் யாரையும் "முழுசாப் படிச்சியா?" என்று கேட்டதில்லை.

அம்மாவை நினைத்துக்கொண்டேன். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். கூட அடுக்கிய ஆறு பெண்கள் காசு சேர்த்து வாரப் பத்திரிகை ஒன்று வாங்குவார்கள். அவர்களில் வாசிக்கத் தெரிந்தவள் அம்மா மட்டும். ராத்திரி விளக்கடியில் தொடர்கதையைப் படித்துவிட்டு, மறுநாள் கை குச்சியை அடுக்கிக்கொண்டிருக்க, வாய் கதை சொல்லும். அந்தக் காலத்துத் தொடர்கதை ஒன்றில் அடித்துத் துரத்திய புருஷனை விட்டுத் தையல் மிஷினோடு தனியாக வாழப்போன ஒருத்தியைப் பற்றி அந்தப் பெண்கள் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேலைக்கு வந்த பிறகு, யாரோ கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்திருந்த அதே தொடர்கதை கைக்குக் கிடைத்தது. கடைசி வாரத்தில் அவள் மன்னிப்புக் கேட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். அம்மாவிடம் கேட்டேன். "அவ திரும்பிப் போனான்னு நான் எப்படிடா சொல்லுவேன்? அங்க உக்காந்திருந்த ரெண்டு பேரு அப்பத்தான் வீட்ட விட்டு வந்திருந்தாளுக" என்றாள்.

அம்மாவும் உள்ளதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனாலும் ரெண்டும் ஒன்றாகாது. அவள் கடைசிவரை படித்தாள், முடிவோடு சண்டை போட்டாள், கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்து மாற்றினாள். அது அவளுடைய விமர்சனம். நான் மாற்றிச் சொன்னது என் முகத்துக்காக.

கை வேலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது என்பதை உலகத்தின் மறுகோடியிலும் கண்டிருக்கிறார்கள். 1865-இல் கியூபாவின் ஹவானா நகரத்தில், எல் ஃபிகாரோ என்ற சுருட்டு ஆலையில், ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் புத்தகமும் உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. அவருக்குச் சம்பளம் சுருட்டுச் சுற்றியவர்களின் கூலியிலிருந்து போனது. எதைப் படிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். மறு வருடமே அரசு தடை போட்டது; வழக்கம் அழியாமல் இன்றைக்கும் இருக்கிறது. மாண்டிகிறிஸ்டோ என்ற சுருட்டின் பெயரே, அங்கே விரும்பிக் கேட்கப்பட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்தது என்கிறார்கள். ஆறு பெண்கள் காசு போட்டு வாங்கிய பத்திரிகையின் கதையும் இதுதானே.

நம் பக்கத்திலும் இப்படிக் கூடியவர்கள் உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டியில் 1920-களில் கம்பனின் ஒரு பாட்டை எடுத்தால் நேரம் போவது தெரியாமல் அதிலேயே நிற்பார்களாம். பக்கத்துக் கோவில்பட்டியில் தேவதச்சன், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன், உதயசங்கர் என்று ஓர் எழுத்தாளர் கூட்டம் படித்ததைப் பேசிப் பேசியே வளர்ந்தது. எங்கள் மாவட்டத்து மேலாண்மறைநாட்டில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கடை நடத்திய ஒருவர், மேலாண்மை பொன்னுச்சாமியாக எழுதி, 'மின்சாரப் பூ' தொகுப்புக்காக 2007-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். இவர்கள் வருடத்துக்கு எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று யாரும் எண்ணி வைத்ததாகத் தெரியவில்லை.

பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து புழங்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி. எத்தனை உயிரைக் கொடுத்து வந்த விதி என்று எங்களுக்குத் தெரியும். தமிழில் 'நாலு பேர்' என்றால் ஊர் உலகம். அந்த நாலு பேருக்காகத்தான் நான் 41 சொன்னேன். அந்தப் பெண் உட்காரும் அறையிலோ நாலு பேர் என்றால் ஒருவர் உயிரை ஒருவர் நம்பி உட்காரும் நாலு பேர். எங்கள் மாடியிலும் இப்போது நாலு நாலு பேராகத்தான் பிரிந்து உட்காருகிறோம். நாலு பேருக்குள் மேடைப்பேச்சு எடுபடாது. "எனக்குப் புரியல" என்று சொல்ல வாய் வருகிறது. "பிடிக்கல, ஏன்னு தெரியல" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று மற்ற மூவரும் சேர்ந்து தேடுகிறார்கள்.

அப்படிப் பிரிந்து உட்கார்ந்த முதல் நாள் அந்தப் பெண்ணுக்கு எதிரே இருந்து 120 பக்கத்தையும் சொன்னேன், எங்கள் வீட்டு இரவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நீங்க அந்த இடத்த என்னவிட நல்லாப் படிச்சிருக்கீங்கண்ணே" என்றாள்.

எண்ணிச் சொல்லித்தான் பழகிவிட்டோம் என்றால், எத்தனை முடித்தோம் என்பதை விட்டுவிட்டு எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பதைச் சொல்லிப் பார்க்கலாம். கேட்கிறவர் அங்கிருந்து நம்மோடு பேச முடியும். நான் அதே நாவலை மறுபடி எடுத்திருக்கிறேன். இப்போது 163-ஆம் பக்கம். பெரியவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்.